சுந்தர்ராஜுக்குச் சொந்தமான இரண்டு

சுந்தர்ராஜ் கையைத் தூக்கியது கொசுவை விரட்டத்தான். ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கையைத் தூக்கினால் அதற்கு வேறு அர்த்தம்.

"சார் கேட்டுட்டாரு! கம்பத்தோரம் நிக்கிற சார் கேட்டுட்டாரு!" என்று சபைச் செயலாளர் மைக்கில் முழங்கினார். அவர் கையில் தலைகீழாகத் தொங்கிய சிவப்புச் சேவல் இறக்கையை ஒருமுறை அடித்துக்கொண்டது.

பாகாயத்தை ஒட்டிய அந்தச் சபையில் ஆராதனை முடிந்ததும் சாமியானாவுக்குக் கீழே ஏலம் நடக்கும். வாழைத்தார், பூசணிக்காய், வீட்டில் செய்த கேக் என்று சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்தவை எல்லாம் அங்கே விலை போகும். சுந்தர்ராஜ் வருஷா வருஷம் ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு அமைதியாக வீட்டுக்குப் போய்விடுவார். ஐம்பத்தாறு வயது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நிர்வாக மேனேஜர். மனைவி இறந்து பல வருஷமாகிறது. ஒரே மகள் ரெனிட்டா கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

'இல்லை, நான் கேட்கவில்லை' என்று சொல்ல அவர் வாயைத் திறந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் விசில் மாதிரி வந்தது.

"அதுக்கு மேல நான் கேக்குறேன்!"

பொன்மலர் டீச்சர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஐம்பத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். கழுத்தில் விசில் இல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவர் சுந்தர்ராஜைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சுந்தர்ராஜ் பிற்பாடு சொல்வதுண்டு. அது உயர்ந்ததைப் பார்த்ததும் இவர் கை தானாக மேலே போனது. இந்த முறை கொசு இல்லை.

டீச்சர் ஏற்றினார். இவர் ஏற்றினார். சனங்கள் பூசணிக்காயை மறந்துவிட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று கத்தத் தொடங்கினார்கள். ஓர் ஆட்டையே வாங்கிவிடலாம் என்கிற இடத்துக்கு விலை போனபோது டீச்சர் கையை விரித்துச் சிரித்துவிட்டார். சேவல் சுந்தர்ராஜின் கைக்கு வந்தது. அவர் "ஹோய்!" என்று கத்தினார். தன் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். கத்திய வேகத்தில் பிடி தளர்ந்தது. சேவல் பறந்து ஆயரின் தோளில் உட்கார்ந்து, அங்கிருந்து கேக் மேஜைக்குத் தாவியது. பொன்மலர் டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் அதைப் பிடித்தார். பிடித்தபோது முழங்கை வரைக்கும் கிரீம்.

"சார், உங்க சேவல்."

"வேணாம் டீச்சர். பிடிச்சவங்களுக்குத்தான் அது."

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் அவர் டீச்சரிடம் போய் நின்றார்.

"சேவல் எப்படி இருக்கு டீச்சர்?"

"நல்லா இருக்கு சார். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத்தான் பேஜாரா இருக்கு."

சேவலின் தீனி, தூக்கம், கொண்டை என்று சில வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு டீச்சர் நேராகக் கேட்டுவிட்டார். "சேவலை மட்டும்தான் விசாரிப்பீங்களா சார்?"

சுந்தர்ராஜ் செருப்பைப் போடாமலே ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். வந்து, "டீச்சரையும் விசாரிக்கணும்னுதான்..." என்றார். அவ்வளவுதான். நிச்சயம் ஆனது அப்படித்தான்.

ரெனிட்டாவுக்குப் போன் செய்து சொன்னபோது அந்தப் பக்கம் மூச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தார். "அப்பா," என்றாள் கடைசியில், மூச்சு வாங்க, "சேவலைக் கேட்டு கேட்டே பொண்ணு பாத்தியா நீ?" சிரித்து முடிக்க முடியாமல் போனைக் கணவனிடம் கொடுத்துவிட்டாள்.

கல்யாணம் செய்கிறவர்கள் சபையில் நடக்கும் ஆயத்த வகுப்புக்குப் போக வேண்டும். இருபதுகளில் இருந்த ஜோடிகளுக்கு நடுவில் இவர்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வகுப்பு எடுத்தவர் ஆயரின் மனைவி எப்சி. முன்பு நர்ஸாக இருந்தவர். சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"யார் திட்டினாலும் சரி, எவ்ளோ நஷ்டம் வந்தாலும் சரி, நீங்க விட்டுக்குடுக்காத விஷயம் இன்னா? ஒவ்வொருத்தரும் மூணு சொல்லுங்க. நல்ல பேருக்காகச் சொல்லாதீங்க. ஒரே வீட்டுல இருக்கப் போறீங்க, எப்படியும் தெரிஞ்சிடும்."

சுந்தர்ராஜ் யோசிக்கவே இல்லை. "நேரம். சிக்கனம். அடக்கம்."

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. பொன்மலர் டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். அடைத்தும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது. நாற்காலி ஆடியது. முன்வரிசை ஜோடிகள் திரும்பிப் பார்த்தார்கள். "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே அவர் வெளியே ஓடினார்.

சுந்தர்ராஜுக்குக் காது சூடாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் டீச்சரின் ஸ்கூட்டி பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னா டீச்சர், அவ்ளோ சிரிப்பு?"

"சிக்கனமா சார்? ஆட்டு விலைக்குச் சேவல் எடுத்தது யாரு?"

"அது... சபைக்குப் போற காசு."

"அடக்கமா? 'ஹோய்'னு கத்துனது யாரு? ரோட்டு வரைக்கும் கேட்டுச்சாம்." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "இந்த மூணையும் எங்க புடிச்சீங்க?"

சுந்தர்ராஜ் சொன்னார். அவருடைய அப்பா ராணிப்பேட்டையில் தலைமையாசிரியராக இருந்தவர். தினமும் சாப்பாட்டு மேஜையில் ஜெபம் முடிந்ததும் இந்த மூன்று சொல்லையும் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"நல்ல வார்த்தைங்கதான். ஆனா அது அவரோடது. நான் உங்கப்பாவைக் கட்டிக்கப் போறதில்ல சார். உங்களோடது இன்னான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"தெரியலன்னா?"

"தெரியாத ஆளோட நான் எப்படி இருக்கிறது?" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சுந்தர்ராஜ் அன்றைக்குக் கோபத்தில் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டார். ஐம்பத்தாறு வயதில் ஒருத்தன் தனக்கு எது முக்கியம் என்று தேட வேண்டுமா? ஆனால் மறுநாள் கம்பெனி வேனில் போகும்போது கேள்வியும் கூடவே ஏறிக்கொண்டது. நேரம் தவறாமல் இத்தனை வருஷம் இருந்தோமே, அதில் ஒரு நாளாவது சந்தோஷம் இருந்ததா? பயம்தான் இருந்தது. பள்ளி மணி அடித்த பிறகு வாசலில் அப்பா நிற்கிற பயம். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் அந்த வாசலைத் தாண்டாமலே இருந்திருக்கிறோம் என்று தோன்றியதும் அவருக்கு என்னவோ போல் இருந்தது.

கேன்டீனில் ஆபித் பாஷாவிடம் சொன்னார். ஆபித் தோல் வாங்கும் பிரிவில் இருப்பவர். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"இது இன்னா கஷ்டம் தோஸ்து," என்றார் ஆபித், குஸ்காவைப் பிசைந்தபடி. "கையும் காலும் எப்ப ஆடுதோ அதைப் பாரு. நீ கோவப்பட்டு நான் பாத்தது ஒரே ஒரு தடவதான். ஞாபகம் இருக்கா? ஆர்டர் குடுக்க வந்த அந்த வெளிநாட்டு பையர் ஷூவைத் தூக்கி தையல் டேபிள் மேல வீசுனான்ல? அந்தப் பொண்ணு முகத்துக்கு நேரா."

"ஆமா."

"நீ அந்த ஷூவை எடுத்துட்டுப் போய் அவன் கையிலயே குடுத்து, 'மெதுவா வைங்க சார்'னு சொன்ன. உன் கை நடுங்குது. ஆனா அவன் வைக்கிற வரைக்கும் நீ நகரல. நான் அந்தாண்ட நின்னுட்டு, போச்சுடா இவன் வேலைன்னு நெனச்சேன்."

சுந்தர்ராஜுக்கு அது மறந்தே போயிருந்தது.

"சந்தோஷம் எப்ப வருதுன்னு கேட்டா," ஆபித் சிரிக்கத் தொடங்கினார், "கம்பெனி ஆண்டு விழால மியூசிக்கல் சேர். லேடீஸ் கிட்ட சண்ட போட்டு நாற்காலிய புடுங்குன. மேனேஜர் மாதிரியா இருந்த? நான் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். டீச்சருக்கு அனுப்பட்டா?"

"பாய், வேணாம் பாய்!"

அதற்குள் அனுப்பியாகிவிட்டது.

சாயங்காலம் டீச்சரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. நாளைக்கு கிரவுண்டுக்கு வாங்க.

பள்ளி மைதானத்தில் டீச்சரின் டென்னிகாய்ட் அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசிப் பிடிக்கும் ஆட்டம். சுந்தர்ராஜ் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் களத்தில் இறங்கினார். முதல் வளையம் மூக்கில் பட்டது. அடுத்ததைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு அவர் கோட்டருகே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளதான் விழுந்துச்சு!"

"சார், வெளிய சார்! தடம் பாருங்க!"

"நீ காலால அழிச்சிட்ட!"

டீச்சர் விசிலை ஊதி "வெளியே" என்று தீர்ப்புச் சொன்னார். சுந்தர்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சிரிக்க ஆரம்பித்து, மூச்சுத் திணறி, மல்லாந்து படுத்துவிட்டார். வானம் மெதுவாகச் சுற்றியது. வீட்டுக்குப் போன பிறகுதான் கைக்கடிகாரத்தை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இது நடந்து சில நாளில் கம்பெனிக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே சிவப்புத் தொப்பிகள்.

புதிதாக வந்த ஜி.எம். அவரை அறைக்குக் கூப்பிட்டார். தையல் பிரிவில் முந்தின நாள் டார்கெட் முடிக்காதவர்கள், மறுநாள் முழுக்கச் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். காலைக் கூட்டத்தில் பெயரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் தொப்பியைக் கொடுக்க வேண்டியது நிர்வாக மேனேஜர்.

"சின்னதா ஒரு வெட்கம் வந்தா கை தானா வேகமாகும் மிஸ்டர் சுந்தர்ராஜ்."

முன்பென்றால் சுந்தர்ராஜ் 'சரி சார்' என்று சொல்லி, கூட்டத்தில் பெயர்களைத் தாழ்ந்த குரலில் வாசித்து, அன்றைக்கு முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் இருந்திருப்பார். இப்போது கை நடுங்குவதைப் பார்த்தார். ஆபித் சொன்ன அதே நடுக்கம்.

"இதை நான் செய்ய மாட்டேன் சார்."

"பின்னே யார் செய்வாங்க?"

"தெரியாது. நான் இல்ல."

"நாளைக்குக் காலைல கூட்டத்துல நீங்கதான் நிப்பீங்க. இல்லன்னா உங்க அறைல வேற ஒருத்தர் உட்காருவாரு."

மறுநாள் காலை தையல் கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சுந்தர்ராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என்ன செய்யப் போகிறோம் என்று அந்த நிமிஷம் வரைக்கும் அவருக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்தார். ஒரு தொப்பியை எடுத்துத் தன் வழுக்கைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வேலையில பிந்துனவங்க இதைப் போட்டுக்கணும்னு உத்தரவு," என்றார். "போன மாசம் உங்க பி.எஃப். பேப்பரை லேட்டா அனுப்புனது நான்தான். அதனால முதல் தொப்பி எனக்கு. வேற யார் பேரையும் நான் கூப்பிட மாட்டேன்."

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

அப்போது மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் கோவிந்தம்மாள் முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "சார், உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு! எனக்கும் ஒண்ணு குடுங்க. சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல வெயில் மண்டையப் பொளக்குது."

"எனக்கும் சார்!" "என் பொண்ணுக்கும் ஒண்ணு சார்!" என்று பின்னாலிருந்து குரல்கள். வரிசை கலைந்தது. தொப்பிகள் கை மாறின. டார்கெட்டுக்கு மேலே தைத்துப் பரிசு வாங்கியவர்கள்தான் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். ஒருத்தி பூவுக்கு மேலேயே தொப்பியை அழுத்தினாள். இன்னொருத்தி பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு செல்ஃபி எடுத்தாள். ஜி.எம். கூடத்துக்குள் வந்தபோது, மெஷின்களுக்குப் பின்னால் ஒரே சிவப்பாக இருந்தது. யார் பிந்தியவர், யார் முந்தியவர் என்று தெரியவில்லை. எல்லோரும் "குட் மார்னிங் சார்" என்றார்கள்.

மதியத்துக்குள் உத்தரவு வந்தது. சுந்தர்ராஜ் நிர்வாகப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டு, மாதிரி ஷூக்கள் செய்து பார்க்கும் சாம்பிள் அறைக்கு அனுப்பப்பட்டார். ஏ.சி. அறை போனது, மேனேஜர் பட்டம் போனது. தொப்பியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

மேனேஜர் நாற்காலியைக் காலி செய்யும்போது அழுகை வரும் என்று சுந்தர்ராஜ் எதிர்பார்த்தார். வரவில்லை. படியிறங்கும்போது கால் தரையில் படுகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தார். சாம்பிள் அறையில் பல நிறத் தோல் துண்டுகளும், இன்னும் பெயர் வைக்காத ஷூக்களும் குவிந்து கிடந்தன. ஒரு காலில் பச்சையும் மறு காலில் ஆரஞ்சுமாகப் போட்டுக்கொண்டு அவர் அறையின் நீளத்துக்கு நடந்து பார்த்தார். அங்கே வேலை செய்பவர்கள், 'மேனேஜருக்கு அதிர்ச்சியில ஏதோ ஆகிடுச்சு' என்று ஆபித்தைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஆபித் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவல. இவன் இப்பதான் சரியா இருக்கான்" என்றார்.

அடுத்த வகுப்பில் எப்சி அக்கா பழைய கேள்வியையே திரும்பக் கேட்டார். சுந்தர்ராஜ் எழுந்து நின்றார்.

"யாரையும் நாலு பேர் முன்னாடி கூனிக் குறுக வைக்கக் கூடாது. என்னால முடிஞ்ச வரைக்கும் வைக்க விடவும் கூடாது. அது ஒண்ணு. அப்புறம்..." கொஞ்சம் வெட்கப்பட்டார். "விளையாடணும். தினமும்."

"மூணாவது?"

"தேடிப் பாத்தேங்க்கா. இதுக்கு மேல இல்ல."

"ரெண்டு போதும்," என்றார் எப்சி. "இந்த ரெண்டுக்கே மேனேஜர் வேலை போயிடுச்சின்னு கேள்விப்பட்டேன்."

வகுப்பே சிரித்தது. பொன்மலர் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுந்தர்ராஜையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

வெளியே வந்ததும் சுந்தர்ராஜ் கேட்டார். "உங்களோடதை நீங்க சொல்லவே இல்லையே டீச்சர்?"

டீச்சர் ஸ்கூட்டி சாவியைக் கையில் உருட்டினார். "சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க."

"சொல்லுங்க."

"இத்தினி வருஷம் தனியா இருந்துட்டேன் சார். அது எனக்குப் புடிச்சித்தான் இருந்துச்சு. எல்லாரும் பாவம்னு பாத்தாங்க, நான் ஒரு நாளும் பாவமா இல்ல. சாயங்காலம் கிரவுண்டு, அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசாத வீடு. அது போயிடுமோன்னு பயமா இருக்கு. உங்களப் புடிக்காம இல்ல. ரொம்பப் புடிச்சிருக்கு. அதான் பயம்."

சுந்தர்ராஜ் யோசித்தார். "நான் சாயங்காலம் வீட்டுக்கு லேட்டா வர்றேன். ஆபித் பாய் வீட்டுல கேரம் போர்டு இருக்கு."

"தினமுமா?"

"அவர் பொண்டாட்டி விரட்டற வரைக்கும்."

"கிரவுண்டுக்கு?"

"கூப்பிட்டா வர்றேன். கூப்பிடாட்டி வர மாட்டேன்."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டி முடிந்ததும் எதிரணித் தலைவரோடு குலுக்குவது போல, அழுத்தமாக. அப்புறம் விடவில்லை.

மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, நவம்பர் மாதத்தில் கல்யாணம் நடந்தது. ரெனிட்டா அப்பாவுக்குக் கோட்டு வாங்கி வந்திருந்தாள். கோவிந்தம்மாளும் தையல் பிரிவுப் பெண்களும் ஒரு வேன் நிறைய வந்திறங்கினார்கள். பீடத்தின் முன்னால் ஆயர், "இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டார். சுந்தர்ராஜ் சொன்ன "சம்மதம்" மைக் இல்லாமலே கடைசி பெஞ்சில் எதிரொலித்தது. டீச்சரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அதைப் பார்த்து மாப்பிள்ளைக்கும் பிடித்துக்கொண்டது. ஆயர் பொறுமையாகப் புத்தகத்தைப் பார்த்தார். அந்தப் புத்தகமும் கொஞ்சம் ஆடியது. சபை முழுக்கச் சிரித்து, அடங்கி, மறுபடி சிரித்து, ஒருவழியாக டீச்சர் "ச... சம்மதம்" என்று முடித்தார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. "ஆற்காடு போய் மக்கன் பேடா சாப்பிடலாமா?" என்றார் சுந்தர்ராஜ். டீச்சர் ஸ்கூட்டியை ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்தார். கடை வாசலில் நின்றபடியே தின்றார்கள். பாகு வழிந்து புதுச் சட்டையில் இறங்கியது. கடைக்காரர் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, "பாலாத்துல தண்ணி வருதுங்க, பாலத்துக்குப் போய்ப் பாருங்க" என்றார்.

ராணிப்பேட்டை போகும் பாலத்தில் ஊரே நின்றது. லாரி டிரைவர்கள் லாரியை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பர்தா போட்ட பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கும் ஆறு, கரைக்குக் கரை செந்நிறமாகப் புரண்டு ஓடியது. யாரோ மேலிருந்து ஒரு தென்னை மட்டையைப் போட்டார்கள். அது சுழன்று சுழன்று பாலத்துக்கு அடியில் போனது.

"அந்தப் பக்கம் வெளிய வரும்!" என்று கத்திக்கொண்டு சுந்தர்ராஜ் ரோட்டைக் கடந்து ஓடினார். டீச்சர் அவருக்கு முன்னால் ஓடினார்.